உனக்காக நான் டாக்டரிடம் போனது

அன்பு மகன் ரவிச்சந்திரனுக்கு அப்பா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் இங்கே சுகம். நீ அங்கே சுகமாக இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன், அதனால் உன்னைச் சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தேயிலைக்கு இன்னும் விலை ஏறவில்லை, ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள் மூடித்தான் கிடக்கிறது. விலை விழாமல் இருந்திருந்தால் உன்னைத் திருப்பூர் சாயப்பட்டறைக்கு அனுப்பியிருக்கவே மாட்டேன். கோகிலவாணி வீட்டுச் சம்பந்தம் வேண்டாம் என்று நீ எழுதியதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. உன்னோடு ரூமில் இருக்கிற சகாயம் லீவில் வந்து சொன்ன பிறகுதான் எனக்குக் காரணம் புரிந்தது. மறைவிடத்தில் அரிப்பும் புண்ணுமாகக் காலை அகட்டி நடக்கிறாயாம், இந்த நோயோடு ஒரு பெண்ணைக் கட்டிக் கெடுக்க மாட்டேன் என்றாயாம். அந்த நினைப்பு என் வாயால் வந்ததுதானே. பொங்கலுக்கு வந்தபோது நீ தயங்கித் தயங்கிச் சொன்னாய், நான் "எங்க போயி வாங்கிட்டு வந்த?" என்று கேட்டேன். யாரிடமும் காட்டாதே, மானம் போகும் என்று என் கைப்புண்ணுக்கு மெடிக்கலில் வாங்கிய களிம்பைக் கொடுத்து அனுப்பினேன். பெற்றவன் கேட்கிற கேள்வியா அது. நினைத்தால் எனக்கும் சோறு இறங்கவில்லை.

ஃபேக்டரி இல்லாத நாள் பார்த்துக் கூடலூரில் டாக்டரிடம் போனேன். உன் பேர் வெளியே வரக்கூடாது என்று அரிப்பு எனக்குத்தான் என்றேன். வேட்டியை அவிழ்க்கச் சொல்லிவிட்டார். இந்த வயதில் அவிழ்த்துக் காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமே இல்லையே பெரியவரே என்றார். அதற்கு மேல் மறைக்க முடியாமல் மகனுக்கு என்று சொல்லி அழுதுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. நாள் முழுக்க ஈரத்திலும் வேர்வையிலும் நிற்கிறவர்களுக்கு இது சாதாரணமாக வருமாம், பெரும்பாலும் படர்தாமரையாக இருக்கும், வேறு எதுவானாலும் வைத்தியம் உண்டு, ஆனால் ஆளைப் பார்க்காமல் மருந்து எழுத மாட்டேன் என்றார். களிம்பு கொடுத்ததையும் சொன்னேன், அது முதலில் அரிப்பை அடக்கிவிட்டுப் பிறகு பரப்பிவிடுமாம், இனிமேல் தொடாதே. நான் உனக்கு நோயைத்தான் தடவிவிட்டிருக்கிறேன். சோப்புப் போட்டுத் தேய்க்காமல் தண்ணீரில் கழுவி ஈரம் போகத் துடை, நனைந்த துணியோடு இருக்காதே, அடுத்தவர் துண்டை எடுக்காதே. சர்க்கரை இருந்தாலும் இப்படி வருமாம், அதையும் பார்க்கச் சொல். சீழ், வீக்கம், காய்ச்சல், மூத்திரம் போகும்போது எரிச்சல், முன்தோல் இறுகிக்கொள்வது, இதில் எது இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும் என்றார்.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. கோகிலவாணி வீட்டில் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும், முருகன் துணை. படித்ததும் இதைக் கிழித்துப் போடு, மறக்காமல் நாளைக்கே டாக்டரிடம் போ. வெட்கமாக இருந்தால், நோயே இல்லாமல் அவிழ்த்துக் காட்டிவிட்டு வந்த உன் அப்பனை நினைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன்னைக் கேட்கக் கூடாததைக் கேட்ட அப்பா,
செல்லையா