லூனாய்டு என்றொரு எலும்பு

அன்புள்ள நண்டுக்கு,

இப்படிக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. விசாரணையில் உன்னை "நீங்க" என்று கூப்பிட்டவள் நான். உன் முழுப் பெயரை எழுதிப் பார்த்தேன், யாரோ மூன்றாம் மனுஷிக்கு எழுதுவது போலிருந்தது. பிடிக்காவிட்டால் அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டு மிச்சத்தைப் படி. கிழித்து மட்டும் போட்டுவிடாதே.

நலமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. முந்தாநாள் உன் வீட்டுக்குப் போன் செய்தேன். அம்மாதான் எடுத்தார்கள். நீ படிப்பு விடுமுறைக்கு வந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "நீ பக்கத்துல இருக்கறதாலதான்மா நான் நிம்மதியா இருக்கேன். திரும்பி வந்ததும் நேரத்துக்குச் சாப்பிடறாளான்னு கொஞ்சம் பாத்துக்கோ" என்றார்கள். சரிம்மா என்றேன். எனக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. நீ சொல்லாததை நான் சொல்லவில்லை, பயப்படாதே.

இங்கே விடுதியில் எல்லாம் அப்படியே இருக்கிறது. துணி துவைக்கும் அறையில் இடது பக்க மெஷின் மறுபடியும் குதிக்க ஆரம்பித்துவிட்டது. உன் அறைத்தோழி உன் கட்டில் மேல் தன் மூட்டை முடிச்சையெல்லாம் பரப்பி வைத்திருந்தாள். "அவ என்ன செத்தா போயிட்டா? எடுடி எல்லாத்தையும்!" என்று கத்தினேன். எல்லாவற்றையும் வாரி எடுத்துவிட்டாள். வெளியே வந்த பிறகுதான், உன்னைக் கட்டிலை விட்டு எழுப்பி அனுப்பியவள் யார் என்று உறைத்தது.

அந்த மெஷின் பக்கத்தில்தானே நாம் உட்காருவோம். வாசிப்பு அறையில் வாய் திறக்க முடியாது, உனக்கோ வாய்விட்டுச் சொன்னால்தான் மண்டையில் ஏறும். மணிக்கட்டு எலும்பு எட்டின் பெயரும் மனதில் நிற்கவில்லை என்று நீ அழுதபோது, மெஷின் குதிக்கிற தாளத்துக்கு ஒரு பாட்டுக் கட்டினேன். "ஸ்கேபாய்டு, லூனாய்டு, கையைத் தூக்கி ஆடு" என்று ஆரம்பிக்கும். பிசியோதெரபி இறுதி ஆண்டுக்காரி கட்டின பாட்டு! புத்தகத்தில் அது லூனேட். ஓசைக்காக நான் வாலை மாற்றினேன். பிறகு சரியான பெயரைச் சொல்லித் தர வேண்டும் என்று நினைத்து, சிரித்த சிரிப்பில் மறந்தே போனேன். தேர்வில் நீ அப்படியே எழுதிவிட்டாய். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியிருப்பாய்.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். நீ கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாய். வாசலில் ஒருத்தி வாளியோடு தன் முறைக்காகக் காத்துக்கொண்டு, நம் கூத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தேர்வில் உனக்கு முன்னால் உட்கார்ந்த அதே பெண். பாட்டு அவள் காதிலும் ஒட்டிக்கொண்டது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு எலும்பு இரண்டு விடைத்தாளில் முளைத்தது இப்படித்தான். ஆசிரியை இரண்டையும், நான் தலைவராக இருந்த நம் மாணவர் நேர்மைக் குழுவுக்கு அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்தச் சொல்லைத் துணைத்தலைவன் உரக்கப் படித்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. பிறகுதான் புரிந்தது, யோசித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது என்றெல்லாம் உன்னிடம் கதைவிட மாட்டேன். அந்த நொடியே.

அந்தப் பெண், எப்படி வந்தது என்றே தெரியவில்லை, காதில் விழுந்த மாதிரி இருக்கிறது என்றாள். உன்னைக் கேட்டார்கள். நீ என்னைப் பார்த்தாய். எவ்வளவு நேரம் பார்த்தாய், நண்டு! நான் சொல்வேன் என்றுதானே காத்திருந்தாய்? நான் என்ன செய்தேன்? தம்ளரில் தண்ணீர் ஊற்றினேன். "வேற ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?" என்று கேட்டேன். உன்னை. தலையில் குட்டி, ஜடையைப் பிடித்து இழுத்து, "வாடி, போடி" என்று பேசின உன்னை! அந்த "நீங்க"வைக் கேட்டதும் உன் முகம் எப்படி ஆனது என்று எனக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு, எங்கே படித்தேன் என்று ஞாபகம் இல்லை என்றாய். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்காகப் பொய் சொன்னாய். குழுவின் முன் அன்று சொல்லப்பட்ட ஒரே பொய் அதுதான், அதையும் நான்தான் சொல்ல வைத்தேன்.

விசாரணைக்கு வந்தவர் தெரிந்தவராக இருந்தால் தலைவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்பது விதி. சொந்தமா பந்தமா, சும்மா பாடம் சொல்லிக் கொடுக்கிற பெண்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் இருந்தவள்தான் முன்னால் பார்த்து எழுதியிருக்க முடியும் என்று இரண்டு பேர் சொன்னார்கள். இரண்டு பேர் சந்தேகம் என்றார்கள். சமமாக வந்தால் மட்டும் தலைவர் வாக்குப் போட வேண்டும். உன்னை விடலாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் தலைவரே தப்பாகச் சொல்லிக்கொடுத்தாள், தெரிந்தவளை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தாள் என்று ஊரே சிரிக்கும். கை தானாக எழுந்தது என்று எழுதினால் அதுவும் பொய். நான்தான் தூக்கினேன். ஒரு பருவம் முழுக்க நீ படிக்க வரக் கூடாது என்பதற்குத் தூக்கினேன்.

முதலாண்டு வரவேற்பில் நான் வாய் கிழியப் பேசியது நினைவிருக்கிறதா? இங்கே தேர்வு அறையில் காவலுக்கு ஆள் கிடையாது, நமக்கு நாமே காவல் என்றேன். கூட்டம் முடிந்து நீதான் ஓடி வந்து, "அக்கா, நிஜமாவே யாரும் பாக்க மாட்டாங்களா?" என்று கேட்டாய். யாரும் பார்க்க மாட்டார்கள், அதனாலேயே செய்ய மாட்டோம் என்று பெரிதாகச் சொன்னேன். உனக்குப் புல்லரித்துவிட்டது என்றாய். இப்போது நினைத்தால் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நேற்றுக் குழுவைக் கூட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாட்டைப் பாடிக் காட்டச் சொன்னார்கள். பாடினேன். யாரும் சிரிக்கவில்லை. தலைவர் பொறுப்பை விட்டுவிட்டேன். என்னையும் விசாரிக்கப் போகிறார்கள், விசாரிக்கட்டும். அந்த வாளிக்காரப் பெண்ணும் வந்து, ஆமாம், அங்கேதான் கேட்டேன் என்று சொல்லச் சம்மதித்துவிட்டாள்.

ஆனால் ஒரு சிக்கல். முடிந்த வழக்கை யார் சொன்னாலும் திறக்க முடியாது. தண்டனை பெற்றவர் தானே நேரில் வந்து கேட்க வேண்டும். பெரிய இடத்துப் பிள்ளைகளுக்காக வேறு யாராவது வந்து பேசி வழக்கைத் திறந்துவிடக் கூடாது என்று போன வருடம் அந்த விதியை எழுதியதே நான்தான். துணைத்தலைவன் அதை எனக்கே படித்துக் காட்டினான். இந்த மாத முடிவுக்குள் நீ வராவிட்டால் தீர்ப்பு கல்லூரி அலுவலகத்துக்குப் போய்ப் பதிவாகிவிடும். அதன் பிறகு நான் தலைகீழாக நின்றாலும் நடக்காது.

வா, நண்டு. என்னை மன்னிக்க வர வேண்டாம். என் முகத்தைப் பார்க்கவும் வேண்டாம். உன் பருவத்தை வாங்கிக்கொண்டு போக வா. வழக்கைத் திறந்தால் நீயும் என்னைக் கேள்வி கேட்கலாம். நீ உட்கார்ந்திருந்த அந்த ஆடும் நாற்காலியில்தான் நான் உட்கார்ந்திருப்பேன். எங்கே படித்தாய் என்று அவர்கள் கேட்டால் என்னைக் கை காட்டு. தயங்காதே. அதோ, அவங்கதான் சொல்லிக்கொடுத்தாங்க என்று சொல். அக்கா என்று சொல்ல வேண்டாம். "அவங்க" என்றே சொல். எனக்கு அது போதும்.

அம்மாவிடம் என்ன சொல்லிவிட்டுக் கிளம்புவது என்று யோசிக்காதே. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் எனக்குப் போன் போட்டு அம்மாவிடம் கொடு, நானே சொல்கிறேன்.

கட்டிலைத் துடைத்து, விரிப்பு மாற்றி வைத்திருக்கிறேன்.

அது லூனேட், கண்ணு. லூனேட். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

உன் வரவுக்காகக் காத்திருக்கும்,
உனக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தவள்