ஒட்டகம் இல்லாத பாட்டு

16 ஜூலை 2016

பதினான்கு வருடம் பாலே வகுப்புகளுக்குப் பின்னணி வாசித்தவளுக்கு இப்போது தனியாக ஒரு மேடை. இங்கே ஆக்லாந்தில், நியூ லின் பகுதியில், ஆகஸ்ட் 20. என்னுடன் நூலகத்தில் வேலை செய்யும் ஓயுனா சொல்லித்தந்த மங்கோலிய நாட்டுப்பாட்டை பியானோவுக்கு மாற்றி எழுதுகிறேன். ஈன்ற குட்டியை அண்டவிடாத தாய் ஒட்டகத்தை, பாடிப் பாடியே மனம் இளகவைக்கும் பாட்டு.

24 ஜூலை

ஓயுனா கேட்க வந்தாள். தாய் குட்டியை ஏற்கும் இடத்தில் இரண்டு கையாலும் கொட்டித் தீர்த்தேன். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பார்த்தால், சிரிப்பு!

“அழகா இருக்கு. ஆனா இதுல ஒட்டகம் இல்ல. சினிமா நடிகைதான் இருக்கா.”

என் கணவர் தியாகலிங்கம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “நானும் அதான்லா கேக்க நெனச்சேன். யார் கல்யாணம் நின்னு போச்சு?”

இனி இவருக்குச் சமைப்பதில்லை.

25 ஜூலை

சமைத்தேன்.

2 ஆகஸ்ட்

எட்டாவது முறை மாற்றி எழுதியாயிற்று. எல்லாவற்றிலும் நான்தான் அழுகிறேன். வேறு பாட்டுக்கு மாறிவிடலாமா? நிகழ்ச்சி நிரல் அச்சாகிவிட்டதே — ஐயோ.

7 ஆகஸ்ட்

ஆக்லாந்தில் ஒட்டகத்துக்கு எங்கே போவது? “ஆடு போதும்,” என்று ஓயுனா கூமேயுவில் ஒரு பண்ணைக்கு அழைத்துப் போனாள். குட்டி போடும் காலம். முழங்கால்வரை சேறு.

ஒரு தாய் ஆடு தன் குட்டியை முட்டித் தள்ளியது. குட்டி எழுந்து வந்தது. மறுபடி முட்டு. மறுபடி வந்தது. என்னால பாக்க முடியல, சத்தியமா முடியல. கோபம்கூட வந்தது — என்ன தாய் இது?

ஓயுனா பட்டிக்குள் இறங்கினாள். ஒட்டகத்துக்கு ஒரு பாட்டு, ஆட்டுக்கு வேறொரு பாட்டாம். அதன் கழுத்தைத் தடவியபடி ஒரே வரியை நாற்பது நிமிடம் பாடினாள்.

அப்புறம்? பெரிதாக ஒன்றுமே நடக்கவில்லை. ஆடு முட்டுவதை நிறுத்தியது. எங்கேயோ பார்த்துக்கொண்டு அசையாமல் நின்று, குட்டியைக் குடிக்க விட்டது. வாய் திறக்காமல், தொண்டைக்குள் மட்டும் ஒரு முனகல். பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது. அது எங்களுக்கான சத்தமும் இல்லை.

9 ஆகஸ்ட்

கடைசிப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். இப்போது அங்கே இடது கையில் இரண்டே சுரம், பியானோவின் தாழ்ந்த ஒலிக் கட்டைகளில். வலது கை மடியில். முட்டும் இடங்களில் கொஞ்சமும் இனிமை வேண்டாம், வெடுக்கென்று இருக்கட்டும்.

20 ஆகஸ்ட்

வாசித்தேன். கடைசிச் சுரம் அடங்கியும் கைதட்டல் இல்லை. போச்சு என்று நினைத்தேன். பிறகுதான் தட்டினார்கள், அதுவும் மெதுவாக, எதையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.

தேநீர் மேசையருகே ஒரு மங்கோலியப் பெரியவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு என்னவோ கேட்டார். ஓயுனா மொழிபெயர்த்தாள்: “உங்க குடும்பம் எந்தப் பக்கம் ஒட்டகம் மேய்ச்சாங்க?”

“மலேசியா. ஈப்போ பக்கம்,” என்றேன், வேறென்ன சொல்வது?

தெரிந்த ஊர்போலத் தலையாட்டினார்.