ஒரே அடுப்பு என்று சொல்லிவிட்டேன்

வைத்திக்குப்பம், புதுச்சேரி
விகாரி வருஷம் ஆவணி 29

சிரஞ்சீவி மகன் பாலகுருவுக்கு உன் அப்பன் சின்னக்கண்ணு மனதார ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும், அண்ணன் காசிலிங்கமும் அவன் பெண்சாதி செல்வாம்பாளும் பிள்ளைகளும், உன் ரஞ்சிதமும் குழந்தைகள் இரண்டும் படுக்கையில் விழாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். சைகோனில் உன்னையும் கடலம்மா அப்படியே வைத்திருக்கட்டும். கிடங்குக் காவலில் நாளெல்லாம் நின்று கால் வீங்குகிறது என்று எழுதியிருந்தாய், வெந்நீரில் கல்லுப்பைப் போட்டுக் காலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார், செருப்பை இறுக்கிப் போடாதே. உன் கடிதம் வந்து ஒரு மாசம் ஆகிறது, பதில் போடாததற்குச் சோம்பல் காரணம் இல்லை, எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. இன்றைக்கு எழுதியே தீரவேண்டும்.

புயலில் போன கடல்பாலத்துக்குப் பதிலாகப் புதுப்பாலம் கட்டுகிறார்கள் என்று முன்பே எழுதினேன், இப்போது அதற்குக் கரையோரமாக ரோடு வருகிறது. ஊர் ஊராகப் பார்த்து ரோடு, பாலம், குடிதண்ணீர், வீடு என்று செய்து தருவதற்கென்றே டெல்லியில் ஒரு மந்திரி இலாகா இருக்கிறதாம், அவர்கள் ரோட்டுக்கு வழியில் இருக்கிற நாற்பது குடிசையை, நம்முடையதையும் சேர்த்து, எடுத்துவிட்டு முத்தியால்பேட்டைக்கு அந்தண்டை ஓட்டு வீடு கட்டித் தருகிறார்கள். நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு சந்தேகம் கேட்டாலும் டெல்லிக்கு எழுதவேண்டும் என்கிறார்கள். பிரெஞ்சுக்காரன் காலத்தில் நம் காகிதம் கப்பலேறிப் பாரீசுக்குப் போய்வரும், இப்போது ரயிலேறி டெல்லிக்குப் போய்வருகிறது. அன்றைக்கு நகரசபை மெரி வாசலில் காத்து நின்றதும் இந்தக் கால்தான், இன்றைக்கு ஆபீஸ் வாசலில் நிற்பதும் இந்தக் கால்தான். அலுத்துவிட்டது தம்பி.

பங்குனி மாசம் அந்த இலாகாவின் ஆபீசர் ஒருவர் குப்பத்துக்கு வந்தார், நல்ல மனுஷன், வெயிலில் தொப்பியைக் கழற்றிவிட்டு எல்லோருக்கும் கும்பிடு போட்டார். அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல இராமதாஸ் என்று ஒரு குமாஸ்தா. கோயில் முன்னால் எல்லோரையும் கூட்டி ஒவ்வொரு வீட்டுக்காரனையும் எழுப்பி, உன் வீட்டில் எத்தனை அடுப்பு எரிகிறது என்று கேட்டார்கள். எதற்குக் கேட்கிறார்கள் என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. என் முறை வந்தபோது, வீராம்பட்டினத்திலிருந்து உன் மாமனார் ராமலிங்கம் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்தவர் என் தோளுக்குப் பக்கத்தில் நிற்கிறார். நம் ஜனத்தில் ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும், சண்டை போட்டுக் குடும்பம் உடைந்துவிட்டது என்று அர்த்தம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரே அடுப்பு என்று சொன்னேன். என்னைப் போலவே முக்கால்வாசிப் பேர் சொன்னார்கள். அடுத்த வீட்டுப் பாவாடை மட்டும் வெட்கமில்லாமல் மூன்று அடுப்பு என்றான், மகனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று, பிரசவித்த மகளுக்கு வெந்நீர் வைக்க ஒன்று. எல்லோரும் சிரித்தோம்.

இங்கே உனக்கு ஒன்றைச் சொல்லவேண்டும், கோபித்துக்கொள்ளாதே. அன்றைக்கு நம் வீட்டில் இரண்டு அடுப்பு. போன ஐப்பசியில் கருவாடு காய்ந்துகொண்டிருக்கும்போது திடீரென்று மழை பிடித்தது, மருமகள் இரண்டு பேரும் அவள் எடுப்பாள் என்று இவளும் இவள் எடுப்பாள் என்று அவளுமாக இருந்து நாலு கூடை நாறிப்போனது. செல்வாம்பாள், நான் மட்டும் இந்த வூட்டுக்குக் கூலியாளா என்றாள், உன் அம்மா அவள் பக்கம் பேசினாள். ரஞ்சிதம் என்னிடம் வந்து, இனிமே என் சோத்த நானே ஆக்கிக்கிறேன் மாமா, யாரையும் ஒண்ணும் சொல்லாதீங்க என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் மூன்று கல்லை வைத்துக்கொண்டாள். ஏழு மாசம் அப்படி ஓடியது. நான் உனக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுகிறோம் என்றுதான் எழுதினேன். தூரதேசத்தில் இருப்பவனுக்கு இதை எழுதி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். உனக்குச் சொன்ன பொய்யையே ஆபீசருக்கும் சொன்னேன்.

வைகாசியில் எனக்குக் காய்ச்சல் வந்து பதினோரு நாள் கிடந்தேன், நீ பயப்படுவாய் என்று அதையும் எழுதவில்லை. நாலாம் நாள் ரஞ்சிதம் கஞ்சியோடு வந்தாள். உன் அம்மா வாங்கிக்கொண்டு, உப்பு பத்தல என்றாள். உப்பை எடுத்துவர அம்மாவின் அடுப்படிக்குப் போன ரஞ்சிதம் அங்கேயே உட்கார்ந்து மீன் ஆய ஆரம்பித்துவிட்டாள். மறுநாள் பின்பக்கத்துக் கல் மூன்றும் துணி துவைக்கிற இடத்துக்குப் போய்விட்டது. காய்ச்சலிலும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆடியில் யாருக்கு எத்தனை வீடு என்று ஜாபிதா ஒட்டினார்கள். அடுப்புக்கு ஒரு வீடாம். சின்னக்கண்ணு, அடுப்பு ஒன்று, வீடு ஒன்று. பாவாடைக்கு மூன்று. அந்த வீட்டில் ஒரு அறையும் ஒரு சமையல் சந்தும்தான், நாங்கள் பத்துப் பேர், நீ வந்தால் பதினொன்று. ரஞ்சிதமும் குழந்தைகளும் எங்கே படுப்பார்கள் என்று ஜாபிதா முன்னால் நின்றுகொண்டே யோசித்தேன், அழுகை வந்துவிட்டது.

குமாஸ்தா இராமதாசைத் தேடி ஆறு தடவை போனேன். கடைசியில் அவர் இரக்கப்பட்டு, பெரியவரே, நீங்க ஒண்ணுன்னு சொன்னது டெல்லிக்குப் போயிட்டுது, இனிமே அத ரெண்டாக்கணும்னா மவன் பிரிஞ்சிட்டான்னு அவன் கையெழுத்தோட காகிதம் வேணும், ஐப்பசியில ஆபீசர் திரும்ப வரும்போது தனி அடுப்பும் கண்ணுல தெரியணும் என்றார். வந்து வீட்டில் அடுப்பு விஷயத்தை மட்டும் சொன்னேன். அடுப்பைப் போடு என்றதற்கு உன் அம்மா, போன வருசம் போட்டப்ப வாணாம்னு அழுதேன், இப்ப என் கையால போடமாட்டேன் என்று எழுந்து போய்விட்டாள். செல்வாம்பாளும் மாட்டேன் என்றாள். ரஞ்சிதம் அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு மீன் ஆயப் போய்விட்டாள். பிறகு நானே களிமண் சுமந்துவந்து வைக்கோல் போட்டு மிதித்து முந்தாநாள் ஒரு அடுப்புப் போட்டேன். துடுப்புப் பிடித்த கைக்கு அது சரியாக வரவில்லை, ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. மகனைப் பிரித்துவைக்க அடுப்புப் போட்ட அப்பன் இந்தக் கரையில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

இதோடு அந்தக் காகிதத்தை வைத்திருக்கிறேன். எனக்கும் என் தகப்பனாருக்கும் சேர்க்கை கிடையாது, சோறும் வேறு, வீடும் வேறு என்று அதில் இருக்கும். எழுதியது குமாஸ்தா, என் மனசு என்று எடுத்துக்கொள்ளாதே. கையெழுத்துப் போட்டு, அங்கே உள்ள இந்தியா ஆபீசில் முத்திரை வாங்கி, ஐப்பசி பிறப்பதற்குள் வந்துசேரும்படி ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பு. யோசித்துக்கொண்டு நாளைக் கடத்தாதே, உன் குழந்தைகளுக்குக் கூரை அதில் இருக்கிறது. மாமனாருக்கு நான் நேரில் போய்ச் சொல்லிவிடுகிறேன், அந்த வெட்கம் என்னோடு போகட்டும்.

நீ தீர்க்காயுசாக, கைகால் சுகத்தோடு இருந்து ஊர் வந்து சேரவேண்டும். அடுப்பு சும்மா காட்டுவதற்கு என்று மட்டும்தான் உன் அம்மாவுக்குத் தெரியும், காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. உன் கடிதத்தை நான்தான் அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டுகிறேன். நீ அவசரத்தில் அம்மாவை விசாரிக்காமல் விட்ட கடிதங்களில் எல்லாம், அம்மா எப்படி இருக்கிறாள், மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று நானே சேர்த்துப் படித்திருக்கிறேன், அவளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். இந்தத் தடவை காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாதே. அம்மாவை விசாரித்து இரண்டு வரி மட்டும் உன் கையால் எழுது. இல்லாததைச் சேர்த்துப் படிக்க எனக்கு இனிமேல் தெம்பு இல்லை.

இப்படிக்கு
உன் அப்பன்
சின்னக்கண்ணு