பத்து அரை ஆயுட்காலம்

பிப்ரவரி 11

மனைவி யூனிஸை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தேன். தைராய்டை எடுத்த பிறகும் மிச்சமிருக்கும் புற்றைக் கொல்ல, சனிக்கிழமை கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். அவள் உடம்பிலிருந்து கொஞ்ச நாள் கதிர் வரும்; மாடி அறை அவளுக்கு. “ஒரு வாரம் தள்ளி இருந்தா போதும் சார்” என்றார் டாக்டர். அது எல்லாருக்கும் சொல்வது. முப்பத்து நாலு வருடம் அணுக்கருப் பாடம் நடத்தியவன் நான். இந்த அயோடின் பாதியாகக் குறையும் காலம், அதாவது அரை ஆயுட்காலம், எட்டு நாள். பத்து முறை பாதியானால்தான் ஆயிரத்தில் ஒரு பங்காகும். எண்பது நாள். காலண்டரில் ஏப்ரல் 29-ஐச் சிவப்பில் வட்டமிட்டேன்.

பிப்ரவரி 19

கல்யாணமான நாளிலிருந்து குடும்ப ஜெபத்தில் கை கோத்துக்கொள்வோம். இப்போது அவள் மாடிப்படி உச்சியில், நான் கீழே.

“ஒரு வாரம் முடிஞ்சுதே. எறங்கி வரட்டுமாங்க?”

“பாதிக்கு மேல கொஞ்சந்தான் போயிருக்கு யூனிஸ்.”

“எப்ப பாஸ் போடுவீங்க சார்?” என்றாள். சிரித்தாள்.

மார்ச் 4

மூன்றாவது படியில் வைத்த இட்லி அப்படியே இருந்தது.

மார்ச் 12

முப்பத்திரண்டு நாள். பதினாறில் ஒரு பங்கு மீதி. ஜெபத்துக்கு அவள் வரவில்லை. “எனக்கும் சேத்து நீங்களே சொல்லிக்கோங்க.”

நாவலூரிலிருந்து மகள் அபிகாயில் பேசினாள். “அப்பா, அம்மா அழுவுறாங்க.” கணக்கை விளக்கினேன். பாதியில் போனை வைத்துவிட்டாள்.

யாருக்காக இந்தக் கணக்கு? எனக்குப் பயம் — அவ்வளவுதானா?

வகுப்பில் சொல்வேன்: அணுக்கருவுக்குள் புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் விசை, தோளோடு தோள் ஒட்டி நிற்கும்வரைதான். தாம்பரம் ஸ்டேஷன் கூட்டத்தில் பிள்ளையின் கையை விட்டால் என்ன ஆகும்? அதேதான். விலகினால் தள்ளுவது மட்டும் மிச்சம்.

மார்ச் 27

ஆஸ்பத்திரி. டெக்னீஷியன் ஆஸ்டின் அவள் கழுத்தருகே கதிர் அளக்கும் மீட்டரைப் பிடித்தார். முள் அசையவில்லை.

“எண்பது நாளா? சார், இவங்களுக்கு சுரப்பியே இல்ல. உடம்பு யூரின்ல தள்ளிடும். ரெண்டு நாள்லயே முக்கால்வாசி போயிருக்கும்.”

எட்டு நாள் என்பது அணுக்கருவுக்கு. அது ஒரு மனுஷியின் உடம்புக்குள் இருந்தது. குப்பியில் அடைத்து வைத்த மாதிரி அவளைக் கணக்குப் போட்டிருக்கிறேன். மாடியில் நாற்பத்து நாலு நாள். ஐயோ, என்ன பண்ணிட்டேன்.

ஆட்டோ சிட்லபாக்கம் ஏரியைத் தாண்டியது. பிறகு, “விடுங்க. கணக்கு சரியாத்தான் இருந்திருக்கும்” என்றாள்.

மார்ச் 28

கீழே வரச் சொன்னேன். “மாடியே பழகிப்போச்சு” என்றாள்.

ஏப்ரல் 29

வட்டமிட்ட நாள். அவள் மாடியில். நான் கீழே.

மே 20

ஸ்கேன் வந்தது. நுரையீரலில் புற்று பரவிய புள்ளிகள். அவை அயோடினை வாங்கிக்கொள்ளவே இல்லையாம். இன்னொரு முறை கொடுத்துப் பயனில்லை. மாத்திரை கொடுத்துக் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்றார் டாக்டர்.

யூனிஸ் ஒன்றுதான் கேட்டாள். “அப்ப இனிமே என்னைத் தனியா வைக்க மாட்டாங்கல்ல டாக்டர்?”

“மாட்டோம்மா.”

சாயங்காலம் அவள் தலையணையைக் கீழே கொண்டுவந்தேன். தடுக்கவில்லை. ஜெபத்துக்கு உட்கார்ந்ததும் கை நீட்டினாள். மெலிந்த கை. இன்னும் எத்தனை நாள் — மனசு தானாகப் பாதி, அதில் பாதி என்று போட ஆரம்பித்தது. கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.