பத்தொன்பதாவது செதில்

மார்ச் 4, செவ்வாய்
மூன்று முறை எண்ணியாகிவிட்டது. புழுவின் முதுகில் செதில் ஒட்டியிருந்த தழும்புகள் பதினெட்டு, பக்கத்துக்கு ஒன்பது. தட்டில் உதிர்ந்து கிடக்கும் செதில்கள் பத்தொன்பது. சட்டையில் காஜாவைவிடப் பொத்தான் அதிகமாக இருந்தால் என்ன அர்த்தம்? எனக்குத்தான் எண்ணத் தெரியவில்லையா?

ஆழ்கடல் செதில்புழுக்களே இப்படித்தான். மேலே கொண்டுவருவதற்குள் செதிலையெல்லாம் உதிர்த்துவிடும். அப்புறம் தழும்பையும் தாடையையும் வைத்துக்கொண்டு எந்த இனம் என்று நான் ஜோசியம் பார்க்க வேண்டும்.

மார்ச் 5, புதன்
மறுபடியும் பத்தொன்பது. போ சனியனே.

மார்ச் 7, வெள்ளி
அக்கா போன். “என் புழு எப்படிடி இருக்கு?”

அம்மாவின் வீட்டைப் பிரித்தபோது போட்ட சண்டைக்குப் பிறகு இரண்டு வருஷம் எங்களுக்குள் பேச்சே இல்லை. போன மாதம் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. புது இனம் கிடைத்திருக்கிறது, உன் பெயரைத்தான் வைக்கப்போகிறேன் என்று செய்தி அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து பேசுகிறாள். பல் டாக்டரிடம்கூடச் சொல்லிவிட்டாளாம். வாயைப் பிளந்துகொண்டு எப்படிச் சொன்னாளோ.

ஆனால் புது இனம் என்பதற்கு என்னிடம் இருக்கும் ஒரே ஆதாரம் நான்கு செதில்கள். மற்றதெல்லாம் வழவழ. இந்த நான்கின் விளிம்பில் மட்டும் குமிழ்கள். முன்பக்கத்து இரண்டு ஜோடி என்று நானாக வைத்துக்கொண்டேன். தாடை, உணர்கொம்பு, முள்மயிர் எல்லாம் ஏற்கெனவே பெயருள்ள இனத்தை அப்படியே உரித்து வைத்திருக்கின்றன. குமிழ் போனால் அக்கா பெயரும் போச்சு. அப்புறம் பேசுவாளா?

மார்ச் 10, திங்கள்
கழுத்து மடிப்பில் இருந்த சேற்றைத் தூரிகையால் தள்ளினேன். அடியில் இன்னொரு செதில், முதல் தழும்பிலேயே கெட்டியாக. வழவழ.

ஐயோ! இப்போது இருபது. முன்செதிலே வழவழ என்றால் குமிழ் உள்ள நாலும் யாருடையது?

கடலிலிருந்து இதையெல்லாம் எடுத்துவரும் கப்பல்காரரைப் பிடித்துக் கேட்டேன். தலையைச் சொறிந்தார். “பாட்டில் பத்தலை மேடம். ரெண்டு புழுவை ஒண்ணாப் போட்டேன். ஒண்ணையொண்ணு கடிச்சுக்கிச்சு. அப்புறம் பெருசை வேற பாட்டிலுக்கு மாத்தினேன். எந்த பாட்டில்னுதான்...”

அடப்பாவி மனுஷா!

மார்ச் 11, செவ்வாய்
சொல்லாமலே விட்டுவிட்டால்? கட்டுரையை அனுப்பினால் யார் உட்கார்ந்து செதிலை எண்ணப்போகிறார்கள்? — நான் எண்ணினேனே.

அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். “அது உன் புழு இல்லக்கா. பழைய இனம்தான்.”

குமிழ் வைத்த நாலு செதில், பாட்டில், கடி என்று முழுக் கதையையும் ஒப்பித்தேன்.

“அப்போ என்னுது எங்கேயோ நாலு செதில் இல்லாம கிடக்கா?”

“இருக்கலாம். தெரியலக்கா.”

“யாரு முதல்ல கடிச்சது?”

“அதுவும் தெரியல.”

“ம்.” வைத்துவிட்டாள். கோபமா, சிரிப்பா? ஒரு மண்ணும் புரியவில்லை.

மார்ச் 18, செவ்வாய்
நாற்பது பாட்டில் பார்த்தாயிற்று. புழு இல்லை. போனும் இல்லை.

மார்ச் 30, ஞாயிறு
காலையில் அக்கா போன். முட்டிவலி, வராத குழாய்க்காரன், மாமாவின் குறட்டை, நான் எடுத்துக்கொண்டு வந்த அம்மாவின் தையல் மெஷின் இன்னும் ஓடுகிறதா என்பது வரைக்கும். ஓடுகிறது என்றேன். “ஓடட்டும்” என்றாள். முக்கால் மணி நேரம்.

வைத்த பிறகுதான் உறைத்தது. புழுவைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.