பதினொரு பேருக்கு ஒரே நம்பர்

செஞ்சி,
ஞாயிறு காலை

அன்பு மகள் நிலாவுக்கு நைனா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்கால் வலிகூடக் குறைந்துவிட்டது, என் கோபம் ஒன்றுதான் இன்னும் குறையவில்லை. டப்ளின் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் மீட்டிங்ல இருக்கேன் நைனா என்று பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால் பேப்பரில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், உட்கார்ந்து முழுசாகப் படி.

போன வாரம் கண் ஆபரேஷனுக்கு ஆள் ஏற்றிப்போக வந்த ஆஸ்பத்திரி பஸ்ஸைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். எங்கள் கண் முகாம் குழுவுக்காக ஊர் ஊராகப் போய் நாற்பத்தெட்டு பேரின் பெயரை எழுதி, எக்செல்லில் அடித்து உனக்கு அனுப்பினேன். நீதான் அக்கறையாக, நான் வேலை செய்யற கம்பெனி டூல்ல போட்டா ஏஐ ஏஜெண்ட்டே படிச்சு ஆஸ்பத்திரி லிஸ்ட்ல ஏத்திடும், உங்களுக்கு வேலை மிச்சம் நைனா என்றாய். மிச்சமானது வேலை இல்லை, பத்து பேர். கையில் போன் இல்லாத பதினொரு பேருக்கு நான் என் நம்பரைப் போட்டிருந்தேன், எல்லோரும் சிங்கவரம் பக்கம், சேதி வந்தால் சைக்கிளில் போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான். உன் ஏஜெண்ட், நம்பர் ஒன்று என்றால் ஆளும் ஒன்று என்று முடிவு கட்டி, பத்து வரியை அழித்து, கடைசியாக இருந்த பாவாடை தாத்தாவை மட்டும் வைத்துக்கொண்டு, வேலை முடிந்தது பிழை ஏதும் இல்லை என்று பதில் போட்டுவிட்டது. பிழை இல்லை என்று பார்த்ததும் நானும் எண்ணிப் பார்க்காமல் விட்டேன்.

காலை ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் பத்து பேரும் பையோடு நிற்கிறார்கள், பெயர் இல்லாதவரை ஏற்ற முடியாது என்று நர்ஸ் சொல்லிவிட்டார், அவரைக் குறை சொல்ல முடியாது. சிங்கவரம் ஆண்டாள், உனக்குத் தெரியும், தனியாக இருக்கிறவள், இரண்டு கண்ணிலும் புரை, போன மாசம் கொதிக்கிற கஞ்சியைக் காலில் ஊற்றிக்கொண்டாள். அவள் என் முகம் எங்கே என்று சரியாகத் தெரியாமல் கொஞ்சம் தள்ளிப் பார்த்துக்கொண்டு, இன்னாண்ணா, உன் நம்பர குடுத்தா நான் ஆளே இல்லன்னு ஆயிடுமா என்று கேட்டாள்.

உன்னிடம் சத்தம் போட்டதும், டாக்குமெண்ட்ல இருக்கறததான் நைனா அது செய்யும் என்று சொல்லி, அந்த ஏஜெண்ட்டுக்காக நீ எழுதிய பதினான்கு பக்க வழிகாட்டியைத் தமிழாக்கி அனுப்பினாய். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தேன். தேதியை எப்படி எழுதுவது, காலிக் கட்டத்தை என்ன செய்வது என்று எவ்வளவோ இருக்கிறது. ஆறாம் பக்கத்தில், போன் நம்பர் ஒன்றாக இருந்தால் முந்தைய வரியை நீக்கவும் என்று இருக்கிறது. அது சொன்னபடி செய்திருக்கிறது, எழுதினது நீ. உன் காலேஜ் அப்ளிகேஷனில் தனகோட்டி மளிகைக் கடை நம்பரைத்தானே கொடுத்தோம், சீட் கிடைத்த சேதியே அந்தக் கடைக்குத்தானே வந்தது, அதை எப்படி அம்மாடி மறந்தாய். நானும் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதியிருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன், அதற்காக உன் தப்பு பாதியாகிவிடாது.

முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவன் சொல்கிறேன். மேல்மலையனூர் அமாவாசை ஸ்பெஷலில் நாற்பது பேர் ஒரே இடத்தில் ஏறி ஒரே இடத்தில் இறங்குவார்கள், ஒரே விலை டிக்கெட், அதற்காக ஒருவரை வைத்துக்கொண்டு மீதிப் பேரை இறக்கிவிட்டதில்லை. விசில் கொடுக்கும் முன் தலையை எண்ணி டிக்கெட்டோடு ஒத்துப் பார்ப்பேன். அதை அப்படியே ஆறாம் பக்கத்தில் எழுது. நம்பர் ஒன்றாக இருந்தால் எதையும் அழிக்காதே, நிறுத்தி ஆளைக் கேள். வந்தது எத்தனை, ஏறினது எத்தனை என்று எண்ணிச் சொல், குறைந்தால் குறைந்தது என்று சொல். கேட்கச் சொல்லி எழுதினால்தான் அது கேட்கும் என்றாய், சரி. உனக்குமா எழுதிக் கொடுக்க வேண்டும், இந்த நம்பர் ஏன் இத்தனை தடவை வருது நைனா என்று ஒரு வார்த்தை நீ கேட்டிருக்கலாம்.

அடுத்த பஸ் பதினெட்டாம் தேதி, பட்டியல் வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். திருத்தி ஏற்றிவிட்டு, பத்து பேரும் இருக்கிறார்களா என்று உன் கண்ணால் எண்ணிப் பார். நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இரு, வெளியே போனால் காதை மூடிக்கொள் என்று அம்மா சொல்லச் சொன்னாள். ஒன்று சொல்ல மறந்தேன். அன்று ஆண்டாள் நம் வீட்டுக்கு வந்து யார் போட்ட லிஸ்ட் என்று கேட்டாள், உன் பெயரைச் சொன்னேன். நிலாவா, அப்ப சரி பண்ணிடும், மறுபடியும் இன்னாத்துக்குச் சொமந்துகினு வரணும் என்று சொல்லி, மாற்றுப் புடவையும் தட்டும் டம்ளரும் வைத்த பையை உன் ரூமிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

உன் நைனா,
பீமாராவ்