இறந்தவனின் முகத்தால் திறக்கப்பட்ட கைபேசி

அனுப்புநர்:
யுஸ்ரா மெஜ்ரி, தையலாலைத் தொழிலாளி,
உப்பளத் தெரு, மர்ஸா ஸல்தூன், துனிசியா.

பெறுநர்:
அரசு வழக்குரைஞர் அவர்கள்,
மர்ஸா ஸல்தூன் நீதிமன்றம்.

பொருள்: நீதிபதியின் ஆணையின்றி என் தம்பியின் கைபேசியைத் திறந்ததும், அதன் வழியே என் கணவரைப் பிடித்துச் சென்றதும் குறித்து, மூன்றாவது மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. காவல்துறையினர் என் தம்பி இல்யெஸின் பிணத்தைக் கொண்டு அவனுடைய கைபேசியைத் திறந்தார்கள். இது சந்தேகம் அல்ல. நான் பார்த்தேன்.

2. தொழிற்சாலைப் புகைக்கு எதிரான ஊர்வலத்தில் கண்ணீர்ப்புகைக் குண்டு தலையில் பட்டு இல்யெஸ் விழுந்தான். அவன் பக்கத்தில் நின்றவர் என் கணவர் மொந்தர். குண்டு எந்தக் கையிலிருந்து வந்தது என்பதைப் படம் பிடித்தவரும் அவர்தான். அன்றே தலைமறைவானார். தன் கைபேசியை அணைத்து வைப்பார். இல்யெஸின் நிலை அறிய மட்டும் அவ்வப்போது திறப்பார்.

3. மறுநாள் நண்பகல் தொழுகை நேரத்தில் மருத்துவமனையில் இல்யெஸ் இறந்தான். என் அம்மா அவன் கண்களை மூடி, வழக்கப்படி தாடையைத் துணியால் கட்டினார். கட்டி முடிப்பதற்குள் காவல் அதிகாரி ஒருவர் இருவரோடு வந்தார். எங்கள் கைபேசிகளைப் பிடுங்கிக்கொண்டு எங்களை வெளியே தள்ளினார். கதவின் கண்ணாடி வழியே பார்த்தேன். ஒருவர் துணியை அவிழ்த்தார். ஒருவர் விரல்களால் இமைகளை விரித்துப் பிடித்தார். அதிகாரி இல்யெஸின் கைபேசியை அந்த முகத்துக்கு நேரே நீட்டினார். முதல் தடவை திறக்கவில்லை. தலையை நிமிர்த்தி மறுபடி நீட்டினார். திறந்தது.

4. கதவைத் தட்டி, நீதிபதியின் ஆணை எங்கே என்று கேட்டேன். அதிகாரி என்னைப் பார்க்கவே இல்லை. அம்மாவிடம், "செத்தவனுக்கு என்னம்மா ரகசியம்? ரெண்டு நிமிஷம், முடிச்சிட்டுத் தந்துடறோம்" என்றார். சட்டம் உயிரோடிருப்பவர்களுக்குத்தானாம். அப்படியானால் அந்தக் கைபேசியில் இருந்த உயிரோடிருப்பவர்களின் பேச்சுக்கு எந்தச் சட்டம், ஐயா?

5. உடலைத் தரவில்லை. மசூதியில் மரண அறிவிப்பு செய்யக் கூடாது என்றார்கள். காரணம் மாலையில் புரிந்தது. இல்யெஸின் எண்ணிலிருந்து என் கணவருக்கு இந்தச் செய்தி போனது: "மச்சான், நான் சாகல. உன் கடனைக் கட்டாம எப்படிச் சாவேன்? பின்வாசலுக்கு வா. வரும்போது லப்லாபி வாங்கிட்டு வா, ஹரிஸ்ஸாக் காரம் தூக்கலா. கஞ்சத்தனம் பண்ணாதே."

என் தம்பி அப்படித்தான் பேசுவான். அவர்கள் பல மாதச் செய்திகளை உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். அவன் கேலியை, அவன் பசியை, என் கணவரை அவன் கூப்பிடும் விதத்தைக் கற்றுக்கொண்டு எழுதியிருக்கிறார்கள்.

6. மருத்துவமனைப் பின்வாசலுக்கு எதிரே லப்லாபிக் கடலைச் சூப் விற்கும் ஃபெத்தி நடந்ததை என்னிடம் சொன்னார். மொந்தர் அந்தச் செய்தியை அவரிடம் படித்துக் காட்டி, அழுதுகொண்டே சிரித்தாராம். இரண்டு முட்டை போடச் சொல்லி, "செத்துப் பொழச்சவனுக்கு, நல்லாப் போடு அண்ணே" என்றாராம். பின்வாசலில் அவரை அமுக்கி வண்டியில் ஏற்றினார்கள். கிண்ணம் கீழே விழவில்லை. அதை ஒரு காவலர் வாங்கிக்கொண்டு, சுவரில் சாய்ந்து நின்று சாப்பிட்டிருக்கிறார். வெறும் கிண்ணத்தை ஃபெத்தியிடம் திருப்பித் தந்து, "ஹரிஸ்ஸா கொஞ்சம் ஜாஸ்தி" என்றிருக்கிறார்.

7. அதற்குப் பிறகுதான் உடலைத் தந்தார்கள். குளிப்பாட்டும்போது இமைகள் இறங்கவில்லை. விறைத்துவிட்டன. திறந்த கண்களோடு அவனைப் புதைத்தோம்.

8. என் முதல் இரண்டு மனுக்களுக்கும் பதில் இல்லை. காவல் நிலையத்தில் மட்டும் வாய்மொழியாகச் சொன்னார்கள்: மொந்தர் உறவினரின் அழைப்பின் பேரில் தாமாக வந்தார், விசாரித்து அனுப்பிவிட்டோம் என்று. அழைத்த உறவினர் அப்போது பிணவறையில் இருந்தார் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். அனுப்பப்பட்ட கணவர் வீடு வரவில்லை.

9. வீட்டுக்குள் நுழையவும் கடிதத்தைப் பிரிக்கவும் ஆணை வேண்டும் என்ற சட்டம், ஒரு முகத்தைக் காட்டித் திறந்துவிட்டால் செத்துப்போகுமா? அந்தச் சட்டத்தைக் காப்பதற்காகவே தங்களுக்கு அந்த நாற்காலி தரப்பட்டிருக்கிறது. ஆகவே கைபேசியைக் காவல்துறையிடமிருந்து கைப்பற்றி முத்திரையிடவும், என் கணவரையும் அவர் எடுத்த படத்தையும் நீதிபதியின் முன் கொண்டுவரவும், அந்த மூவர் மீதும் வழக்குத் தொடரவும் கோருகிறேன்.

10. கைபேசி இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. மாலையானால் என் தம்பியின் பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று வருகிறது. அம்மா பக்கத்து வீட்டுக் கைபேசியை வாங்கிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். நேற்று, தடுக்கத் தடுக்க, அந்த எண்ணுக்கு ஒரு வரி எழுதி அனுப்பினார். படித்ததற்கான நீலக் குறி உடனே விழுந்தது. பதில் வரவில்லை. அம்மா எழுதிய அதே வரியைத் தங்களிடமும் கேட்கிறேன்.

மொந்தர் எங்கே?

இடம்: மர்ஸா ஸல்தூன்
நாள்: நவம்பர் 14

(ஒப்பம்)
யுஸ்ரா மெஜ்ரி